முதியோர் ஆலோசனைக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உள்ளாட்சி மன்றத்தின் முதியோர் ஆலோசனைக் குழுவில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?" என்று யாராவது கேட்டால், சேருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். மற்ற கேள்விகள் அப்புறம்தான் வரும். அப்படி ஒரு குழுவில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன், பிறகு செயலாளராகவும் இருந்தேன். அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்ததும் எழும் சிக்கல்கள் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தக் குழு என்னதான் செய்கிறது?

முதியோரைப் பாதிக்கும் முடிவு ஒன்றை மன்றம் எடுப்பதற்கு முன்னால், அந்த முடிவோடு வாழப்போகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்கிறது. முதியோர் மையம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எந்தப் பஸ் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், வீட்டுக்கு வந்து கவனிக்கும் ஊழியர் வாரத்துக்கு எத்தனை முறை வர வேண்டும், சலுகைக்கான படிவத்தில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் அடங்கும்.

குழு சேவையை நடத்துவதில்லை, ஊழியரை நியமிப்பதில்லை, பணம் ஒதுக்குவதும் இல்லை. பார்க்கிறது, கேட்கிறது, எழுதிக் கொடுக்கிறது, பதில் வரும்வரை விடாமல் கேட்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் பாதி வேலை.

முடிவெடுக்கும் அதிகாரம் இல்லையே, அப்புறம் என்ன பயன்?

எல்லோரும் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும். 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். தலையாட்ட மட்டும் அமைக்கப்படும் ஆலோசனைக் குழுக்களை அதன் அடிப் படியிலேயே வைத்தார். மன்றம் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு "முதியோரிடமும் கலந்தாலோசித்தோம்" என்று முத்திரை குத்த ஒரு குழு தேவைப்பட்டால் அது அந்த அடிப் படிதான். அங்கே உட்கார்ந்து நேரத்தைக் கொடுப்பதில் பயன் இல்லை.

ஆனால் ஆலோசனை என்றாலே பல் இல்லாதது என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் ஒவ்வொரு நகராட்சியிலும் முதியோர் மன்றம் இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 60 வயது நிறைந்தவர்கள் வாக்களித்து அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதியோரைப் பாதிக்கும் எந்தத் தீர்மான முன்வரைவும் அந்த முதியோர் மன்றத்திடம் கருத்துக் கேட்டபிறகுதான் நகர மன்றத்துக்குப் போக வேண்டும். நார்வேயில் 1991-ல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. பின்லாந்து 2013 முதல் இதைக் கட்டாயமாக்கியது. இந்த நாடுகளில்கூட முடிவெடுப்பது நகர மன்றம்தான். ஆனாலும் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. கேட்டே ஆக வேண்டும் என்ற அந்த ஒரு வரி குழுவின் நிலையையே மாற்றிவிடுகிறது.

உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டால், குழுவின் விதிமுறையிலேயே ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள்: குழு எழுத்தில் கொடுக்கும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் இத்தனை நாளுக்குள் மன்றம் எழுத்தில் பதில் தர வேண்டும். "ஏற்கிறோம்" என்றோ, "ஏற்கவில்லை, காரணம் இது" என்றோ வரட்டும். மறுப்பாக இருந்தாலும் காரணத்தோடு வந்தால் அதை வைத்து அடுத்த அடி எடுத்து வைக்கலாம். பதிலே வராத இடத்தில்தான் குழுக்கள் மெல்ல மெல்லக் கலைந்து போகின்றன. என்னைக் கேட்டால், ஒரு குழுவுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

யார் உறுப்பினராகலாம்? இளையவர்களுக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பான்மை முதியோராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1965-ல் வந்த முதியோர் சட்டத்தின் கீழ் இயங்கும் வட்டார முகமைகளின் ஆலோசனைக் குழுவில் பாதிக்கு மேல் முதியவர்களே இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. மீதி இடங்களில் வீட்டில் வயதான பெற்றோரையோ கணவன், மனைவியையோ கவனித்துக்கொள்கிறவர்கள், செவிலியர், மாற்றுத்திறனாளி அமைப்பினர் வரலாம்.

ஓய்வு பெற்ற அதிகாரிகளும் ஆசிரியர்களும் தாமாகவே முன்வருவார்கள். கோப்பு படிக்கத் தெரிந்தவர்கள், தேவைதான். ஆனால் குழு முழுக்க அவர்களாகவே ஆகிவிட்டால், கூலி வேலை செய்து முதுமையடைந்தவரின் கஷ்டம், பென்ஷன் இல்லாத விதவையின் கஷ்டம், அந்த ஊருக்குப் பிழைக்க வந்து மொழி சரியாகப் பிடிபடாமலே முதுமையடைந்தவரின் கஷ்டம் எதுவும் நிகழ்ச்சி நிரலுக்குள் வராது. அவர்களைத் தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும். விண்ணப்பம் கோரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அவர்கள் வர மாட்டார்கள்.

வீட்டை விட்டே வெளியே வர முடியாதவர்களின் குரல் எப்படி வரும்?

கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள் எல்லாம் நடக்க முடிந்தவர்கள். சேவை அதிகம் தேவைப்படுகிறவர்களோ கட்டிலிலும் மாடியிலும் இருக்கிறார்கள். இதை ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஒருமுறை மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனோம். உள்ளாட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பு. லிஃப்ட் கிடையாது. வைக்க முடியுமா என்று குழுவில் இரண்டு கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அதற்கு ஆகும் செலவைக் கேட்டு மலைத்தும் போயிருந்தோம். அவரிடம், "ஐயா, உங்களுக்கு என்ன இருந்தால் நல்லது?" என்று கேட்டேன். "இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போடுங்க. உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டு இறங்கிடுவேன். ஏறும்போதும் அப்படியே" என்றார். நாற்காலி வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களால் ஒரே மூச்சில் மூன்று மாடி ஏற முடிந்ததுதான் காரணம். சுவரில் மடித்து வைக்கிற மாதிரி ஓர் இருக்கை பொருத்தினார்கள். லிஃப்ட் கோரிக்கையை நாங்கள் விடவில்லை. ஆனால் அதுவரை அவர் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதில்லை என்று ஆனது.

ஆக, போய்ப் பார்ப்பதுதான் முதல் வழி. வீட்டுக்குச் செல்லும் செவிலியர், உணவு கொண்டு போய்க் கொடுப்பவர்கள், தபால்காரர் போன்றவர்களுக்கு எந்தக் கதவு திறப்பதில்லை என்று தெரியும். அவர்கள் மூலமாக அந்த முதியவரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம். போனிலும் பேசலாம். காது மந்தமானவரிடம் போனில் பேசி "கருத்து இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். அவருக்குக் கேட்கவில்லை என்பதுதான் அதன் பொருளாக இருக்கும்.

மறதி நோய் உள்ளவர்களை விட்டுவிடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. 2021 கணக்கின்படி உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள். அவர்களிடம் நீளமான கேள்வித்தாள் எடுபடாது. பழகிய இடத்தில், ஒரு நேரத்தில் ஒரே கேள்வியாக, படத்தையோ பொருளையோ காட்டிக் கேட்டால் பலர் தெளிவாகச் சொல்வார்கள். சொல்ல முடியாதவர் எந்த வாசலில் தயங்கி நிற்கிறார், எந்தத் தரை நிறத்தைப் பார்த்துக் காலைப் பின்னுக்கு இழுக்கிறார் என்று கவனித்தாலே ஒரு பக்கம் எழுதலாம்.

எந்தெந்த விஷயங்களில் ஆலோசனை சொல்லலாம்? மருத்துவம் மட்டும்தானா?

இல்லை. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு ஏற்ற நகரங்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 22 நாடுகளில் 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டு உருவாக்கியது. வெளியிடங்களும் கட்டடங்களும், போக்குவரத்து, வீடு, சமூக வாழ்வில் கலந்துகொள்வது, மதிப்பும் அரவணைப்பும், பொதுப்பணியும் வேலைவாய்ப்பும், தகவல் தொடர்பு, சமூக ஆதரவும் மருத்துவமும் என்று எட்டுத் துறைகளை அது சொல்கிறது. மருத்துவம் கடைசியில், அதுவும் பாதி இடத்தில்தான் வருகிறது என்பதைப் பாருங்கள்.

எட்டையும் ஒரே ஆண்டில் தொட வேண்டாம். இரண்டை எடுத்துக்கொண்டால் போதும்.

நல்ல பரிந்துரை எப்படி இருக்க வேண்டும்?

"சாலையைக் கடப்பது முதியோருக்குச் சிரமமாக உள்ளது, ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். அத்தோடு முடிந்துவிடும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மையத்துக்கு எதிரே உள்ள சிக்னலில் ஒரு காலை முழுக்க நின்றோம். கையில் டேப், போனில் ஸ்டாப்வாட்ச். சாலை அகலம் 15 மீட்டர். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு 13 வினாடி எரிந்தது. சிக்னல் நேரம் கணக்கிடும்போது பல இடங்களில் வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் 15 மீட்டருக்கு பன்னிரண்டரை வினாடி, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதானவர்களில் பலர் வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்கள். அவர்களுக்கு ஏறக்குறைய 19 வினாடி தேவை. வாக்கர் பிடித்து வந்த ஓர் அம்மா பச்சை விழுந்ததும் இறங்கினார். இரண்டு அடி, வாக்கரைத் தள்ளுவது, மறுபடி இரண்டு அடி. சிவப்பு விழுந்தபோது அவர் நடுச் சாலையைத் தாண்டி ஓர் எட்டுதான் வைத்திருந்தார். வண்டிகள் உறுமத் தொடங்கின. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, கண் முழுக்க வாக்கரின் முன் சக்கரத்தில்தான் இருந்தது.

பரிந்துரையை இப்படி எழுதினோம்: இந்த இடத்தில், சாலை அகலம் இவ்வளவு, இப்போதைய நேரம் இவ்வளவு, 0.8 மீட்டர் நடைக்குத் தேவையான நேரம் 19 வினாடி, எனவே பச்சை நேரத்தை 6 வினாடி கூட்ட வேண்டும், முடியாவிட்டால் சாலை நடுவே நின்று இளைப்பாறும் திட்டு ஒன்று அமைக்க வேண்டும், பதில் இந்தத் தேதிக்குள் வேண்டும். சிங்கப்பூரில் 2009 முதல் மூத்த குடிமக்கள் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தொட்டால் பச்சை நேரம் கூடுகிற ஏற்பாடு இருக்கிறது என்பதையும் சேர்த்தோம். இன்னோர் ஊரில் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் பொறியாளருக்குத் துணிவு வரும்.

இடம், அளவு, யாருக்கு என்ன ஆகிறது, என்ன மாற்றம் வேண்டும், அதை யார் செய்ய வேண்டும். இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் வர வேண்டும். சாய்தளம் கேட்டாலும் அப்படித்தான். படிகளின் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர் என்றால், 12-க்கு 1 என்ற சாய்வில் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அந்த நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுக் கேளுங்கள். அளக்காமல் கேட்டு, செங்குத்தான சாய்தளம் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அதில் யாரும் ஏற முடியாது. ஆனால் ஏட்டில் "வசதி செய்யப்பட்டது" என்று ஏறிவிடும்.

"நிதி இல்லை" என்று சொன்னால்?

பல நேரம் அது உண்மைதான். அதனால் ஒவ்வொரு பட்டியலிலும் காசு அதிகம் ஆகாத சிலவற்றை வைத்திருங்கள். படிவத்தின் எழுத்து அளவு, கவுண்டரில் ஒரு நாற்காலி, மையம் திறக்கும் நேரம், சிக்னல் வினாடிகள்.

இன்னொன்று, பட்ஜெட் தயாரிக்கும் மாதம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஆண்டு எங்களுக்கு அது தெரியாது. பட்ஜெட் நிறைவேறி மூன்று வாரம் கழித்து அருமையான அறிக்கை ஒன்றைக் கொடுத்தோம். ஓர் ஆண்டு வீணானது. அந்த ஓர் ஆண்டில் எங்கள் பட்டியலில் இருந்த கைப்பிடிகள் எதுவும் பொருத்தப்படவில்லை. உலகில் எதிர்பாராத விபத்துகளில் ஏற்படும் மரணங்களில் கீழே விழுவதால் வருபவை இரண்டாம் இடத்தில் இருக்கின்றன, அவற்றில் 60 வயது தாண்டியவர்களே மிகுதி. அந்தத் தாமதத்தை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கூட்டத்தை எப்படி நடத்துவது?

60 வயதைத் தாண்டியவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேட்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் மைக் வேண்டும். "எனக்குச் சத்தமான குரல், மைக் வேண்டாம்" என்று சொல்பவரிடமும் மைக்கைக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஏனென்றால் பலர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

நிகழ்ச்சி நிரல் ஒரு வாரம் முன்னாலேயே, பெரிய எழுத்தில், காகிதத்தில் வர வேண்டும். கூட்டம் பகல் நேரத்தில், தரைத்தளத்தில், கழிப்பறை பக்கத்தில் இருக்கிற அறையில் நடக்கட்டும். கைப்பிடி வைத்த நாற்காலி போடுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எழ முடியாது என்பதால் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். முட்டி வலி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

முப்பது பக்க ஆவணத்தைக் கூட்டம் தொடங்கும்போது மேசையில் வைத்து ஒப்புதல் கேட்டால், "படிக்க அவகாசம் தரப்படவில்லை, கருத்து அடுத்த கூட்டத்தில்" என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, எழுதச் சொன்னால் போதும்.

எல்லாச் சேவையும் ஆன்லைனுக்குப் போய்விட்டதே, குழு என்ன சொல்லலாம்?

ஆன்லைன் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நன்றாகப் பயன்படுத்துகிற முதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அது மட்டுமே வழி என்று ஆகக் கூடாது. காகிதப் படிவமும், மனிதர் எடுக்கிற போன் எண்ணும், நேரில் போனால் செய்து கொடுக்கும் கவுண்டரும் இருக்க வேண்டும். மாற்று வழி இருக்கிறது என்று பேருக்குச் சொல்லிவிட்டு அதை வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்து வைப்பதும் உண்டு, அதையும் கேளுங்கள்.

ஓடிபி விஷயத்தைத் தனியாகக் கவனியுங்கள். போன் மகனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ இருக்கும். எண் வந்து, அவர் படித்துச் சொல்லி, இவர் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அப்புறம் முதலிலிருந்து. கால அவகாசத்தைக் கூட்டுவது, நம்பிக்கையான ஒருவரைச் சட்டப்படி பதிலாளாகப் பதிய வைப்பது போன்ற கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கலாம்.

யாராவது தன் சொந்தப் புகாரைக் கொண்டுவந்தால்?

கேளுங்கள், உரிய அலுவலரிடம் அனுப்பி வையுங்கள். குழு தனிப்பட்ட புகார்களைத் தீர்க்கும் இடம் அல்ல. ஆனால் ஒரே புகார் மூன்று பேரிடமிருந்து வந்தால் அது குழுவின் விஷயம்.

வீட்டில் ஒருவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் என்று தெரியவந்தால்?

இதைப் பற்றி முன்கூட்டியே ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும், தெரிய வந்தபின் யோசிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 6 பேரில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார். அடி மட்டும் அல்ல, பணத்தைப் பிடுங்குவது, மருந்து தராமல் விடுவது, நாள் கணக்கில் பேசாமல் இருப்பது எல்லாம் இதில் சேரும். வீடு வீடாகப் போகிற உறுப்பினர் என்றாவது ஒருநாள் இதைச் சந்திப்பார்.

உயிருக்கு ஆபத்து என்றால் உடனே அவசர உதவியை அழையுங்கள். இல்லையென்றால், அந்த முதியவரோடு தனியாகப் பேசி, அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்டு, பாதுகாப்புப் பொறுப்பில் உள்ள அலுவலரிடம் சொல்லுங்கள். நீங்களே விசாரிக்கக் கிளம்ப வேண்டாம், நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது அவர்தான். பெயரும் முகவரியும் கூட்டக் குறிப்பில் ஒருபோதும் வரக் கூடாது.

உறுப்பினர்களுக்குச் சம்பளம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. போக்குவரத்துச் செலவும், கவனிப்பில் இருப்பவரை விட்டு வர மாற்றாள் வைக்கும் செலவும் கட்டாயம் தரப்பட வேண்டும். தராவிட்டால் வசதி உள்ளவர்கள்தான் குழுவில் மிஞ்சுவார்கள்.

பரிந்துரைகள் கிடப்பில் போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒரு சாதாரண நோட்டுப் போதும். பரிந்துரை, கொடுத்த தேதி, பொறுப்பான அலுவலரின் பதவி, பதில் வர வேண்டிய தேதி, வந்த பதில் என்று ஐந்து பத்திகள். ஒவ்வொரு கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலின் முதல் அயிட்டம் "நிலுவையில் உள்ளவை" என்று இருக்கட்டும், கடைசி அயிட்டமாக வைத்தால் அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். அலுவலர்கள் மாறுவார்கள், ஃபைல் காணாமல் போகும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் குழுவிடம் இருக்க வேண்டும்.

"செய்துவிட்டோம்" என்று பதில் வந்தால் போய்ப் பாருங்கள். கைப்பிடி பொருத்தியிருப்பார்கள், ஆனால் இடது கை செயலிழந்தவருக்கு அது இடது பக்கம் இருக்கும்.

முதல் கூட்டத்துக்கு எப்படித் தயாராவது?

விதிமுறையைப் படித்துவிடுங்கள், அது அரை மணி நேர வேலை. மீதி நேரத்தைத் தெருவில் செலவிடுங்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். யார் ஏறினார், யார் ஏற முடியாமல் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார், யாருக்கு உட்கார இடமில்லை என்று பாருங்கள். அலுவலகக் கவுண்டரில் வரிசையில் நில்லுங்கள். உங்களைவிடப் பத்து வயது மூத்த ஒருவரோடு மருந்து வாங்கப் போய்விட்டு வாருங்கள், அவருடைய வேகத்திலேயே நடந்து.

பார்த்ததில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள், இடமும் நேரமும் போட்டு. முதல் கூட்டத்தில் அவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள். மற்ற இரண்டும் நோட்டில் இருக்கட்டும், அடுத்த கூட்டத்துக்கு வேண்டும்.